ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதற் பொற்பதக்கம்

பல நாடுகள் ஓரிடத்திற் கூடி, பல விளையாட்டுகளில் ஒரே காலத்திற் போட்டியிடும் பெருவிழாக்கள் மூன்றினை இலங்கை மக்கள் நன்கு அறிவர். உலகம் முழுவதற்கும் பொதுவானது ஒலிம்பிக் விழா. பிரித்தானிய ஆட்சியின் கீழ் ஒருகாலத்தில் இருந்த நாடுகள் பெரும்பாலும் கூடுவது பொதுநலவாய விளையாட்டு விழா. ஆசிய நாடுகளுக்கு உரியது ஆசிய விளையாட்டு விழா. இம்மூன்று அரங்குகளிலும் இலங்கை சிறியதொரு நாடே. ஆயினும் மூன்றிலும் அதன் பெயர் பதக்கப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் ஆசிய விழாவில் இத்தீவுக்கு முதற் பொற்பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆவார். ஆண்டு 1958, இடம் யப்பானின் தலைநகராகிய தோக்கியோ, போட்டி உயரம் பாய்தல்.

அவருடைய வெற்றி இன்று பெரும்பாலும் ஒரு பொது அறிவு வினாவின் விடையாகவே நினைவுகூரப்படுகின்றது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்து, எழுதி, பின்னர் மறந்துவிடுகிறான். அந்தப் பாய்ச்சலின் பெறுமதி யாது, அது எத்தகைய காலத்தில் நிகழ்ந்தது, அதன்பின் வந்த தலைமுறைகளுக்கு அது விட்டுச்சென்ற கடமை யாது என்பன அவ்வினாத்தாளில் இடம்பெறுவதில்லை. அவை அறியத்தக்கவை.

முதலில் இவ்விழாக்கள் தோன்றிய வகையை நோக்குதல் நன்று. பண்டைக் கிரேக்கரின் விழாவை நினைவிற் கொண்டு, பிரான்சு தேசத்துக் கூபர்த்தின் பிரபுவின் முயற்சியால், தற்கால ஒலிம்பிக் விழா 1896இல் ஏதென்சு நகரில் தொடங்கிற்று. பொதுநலவாய விழாவின் பிறப்பிடம் கனடா. அந்நாட்டின் ஹமில்ற்றன் நகரில் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பகுதிக்கு ஆசிரியராயிருந்த பொபி ரொபின்சன் என்பவர், பேரரசின் நாடுகள் தம்முட் போட்டியிடும் விழாவொன்று வேண்டுமென வற்புறுத்தி, அதனைத் தம் நகரிலேயே 1930இல் நடத்திக் காட்டினார். பதினொரு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 வீரர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்றோர் உயரத்தால் வேறுபட்ட மேடையில் ஏறி நிற்கும் வழமை இன்று உலகெங்கும் காணப்படுகின்றது. அது ஹமில்ற்றனில் கையாளப்பட்டு, 1932இல் ஒலிம்பிக் விழாவிற்குச் சென்றதாகும். ஒவ்வோராண்டும் தை, மாசி மாதங்களில் எம் நாட்டுப் பாடசாலைகளில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டியில், மூன்று மரப்பெட்டிகளை அருகருகே வைத்து அவற்றின்மேற் சிறுவர் ஏறி நிற்கின்றார்களே, அந்தக் காட்சியும் அந்த ஹமில்ற்றன் மேடையின் வழித்தோன்றலே.

ஆசிய விழா இவற்றுக்குப் பிந்தியது. நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலத்தில், இந்தியாவைச் சேர்ந்த சோந்தி என்பவரின் முயற்சி முன்னிற்க, 1951இல் புதுடில்லியில் முதலாவது விழா நடைபெற்றது. இரண்டாவது விழா 1954இல் மணிலாவிலும், மூன்றாவது விழா 1958இல் தோக்கியோவிலும் நிகழ்ந்தன.

இவ்வரங்குகளில் இலங்கை வெறுங்கையோடு நிற்கவில்லை. 1938இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில், பார்னி ஹென்றிக்கஸ் என்னும் குத்துச்சண்டை வீரர் தம் எடைப் பிரிவிற் பொற்பதக்கம் பெற்றார். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, இலண்டன் ஒலிம்பிக் விழாவில், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவராகிய டங்கன் வைற் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப்பதக்கம் பெற்றார். சுதந்திரக் கொடி ஏறி ஆறு மாதங்கள் நிறைவுறும் முன்னரே இது நிகழ்ந்தது. 1950இல் ஒக்லாந்து நகரிலும் அவர் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். ஆகவே 1958இற்கு முன்னரே ஒலிம்பிக் வெள்ளியும் பேரரசு விழாப் பொன்னும் இந்நாட்டிற்கு வந்திருந்தன. வராதது ஆசியப் பொன் ஒன்றே.

அதனைக் கொண்டுவந்தவர் 1934ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பிற் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதும் நிறையவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றார். 1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக் விழாவிலும் கலந்துகொண்டார். இரண்டு ஒலிம்பிக் விழாக்களிலும் அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் ஒரு வீரனுக்குத் தோல்வி தரும் படிப்பினை வெற்றி தருவதினும் குறைந்ததன்று. இரு பெருவிழாக்களிற் பழகிய கால்களோடுதான் அவர் தோக்கியோவில் நின்றார்.

உயரம் பாய்தல் பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. இரு கம்பங்களின்மேல் கிடையாக ஒரு தண்டு வைக்கப்படும். வீரன் ஓடிவந்து, ஒற்றைக் காலால் நிலத்தை உதைத்தெழுந்து, அத்தண்டு கீழே விழாதவாறு அப்பாற் செல்ல வேண்டும். இரு கால்களாலும் ஒருங்கே உதைத்தெழுதல் விதிக்கு மாறானது. எந்த உயரத்திலிருந்து தொடங்குவது என்பதை வீரனே முடிவு செய்யலாம். வேண்டுமாயின் ஓர் உயரத்தை விட்டு அடுத்த உயரத்திற்குக் காத்திருக்கலாம். ஆனால் தொடர்ந்து மூன்று முறை தவறினால் அவனது போட்டி அத்துடன் முடிந்துவிடும். இப்போட்டியின் தனித்தன்மை ஒன்றுண்டு. ஓட்டப் போட்டியில் முதல்வன் வெற்றிக் கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடுகிறான். உயரம் பாய்தலில் வெற்றி பெற்றவனும் தண்டை மேலும் உயர்த்திப் பாயலாம். இறுதியில் ஏதேனும் ஓர் உயரத்தில் அவனும் தவறுகிறான். வென்றவனும் தன் எல்லையை அறிந்தே மைதானத்தை விட்டுச் செல்லும் போட்டி இது.

தோக்கியோவில் எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம் 2.03 மீற்றர். அக்காலத்து அளவையில் இது ஏறக்குறைய ஆறடி எட்டு அங்குலம். வீட்டின் வாயிற்கதவு ஒன்றின் உயரத்தைக் கண்ணால் அளந்து பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். அந்தக் கதவின் மேல்விளிம்பைத் தொடாமல், எவ்விதக் கோலும் துணையுமின்றி, உடம்பு முழுவதும் அதன் மேலாகச் செல்ல வேண்டும். உலக அளவிலும் இது சிறிதன்று. 1952 ஒலிம்பிக் விழாவில் முதலிடம் பெற்ற அமெரிக்க வீரர் வோல்ற் டேவிஸ் தாண்டியது 2.04 மீற்றர். யாழ்ப்பாணத்து இளைஞர் ஆறாண்டுகளின் பின் தாண்டிய உயரம், ஹெல்சிங்கியின் பொன்னுக்கு ஒரு சென்ரிமீற்றரே குறைந்தது. ஆனால் அந்த ஆறாண்டுகளில் உலகம் விரைந்து முன்னேறியிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. 1956இல் சார்ள்ஸ் டூமாஸ் என்னும் அமெரிக்க இளைஞர், மனிதர் எவரும் அதுவரை போட்டியிற் தாண்டாத ஏழடியைத் தாண்டினார். அதே ஆண்டு மெல்போர்ணில் 2.12 மீற்றர் பாய்ந்து ஒலிம்பிக் பொன்னையும் பெற்றார்.

அக்காலத்துப் பாய்ச்சல் முறை இன்றைய முறையினின்றும் வேறானது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கத்தரிக்கோல் விரிவதுபோல ஒரு காலின்பின் ஒரு காலாகத் தண்டைக் கடப்பது பழைய முறை. பின்னர், வயிற்றுப் பக்கம் தண்டை நோக்கியிருக்க, உடலைச் சுழற்றிக் கடக்கும் முறை வழக்குக்கு வந்தது. அன்று பாய்ந்து விழும் இடத்தில் இருந்தவை மணலும் மரத்தூளும் போன்றவையே. ஆதலால் பாய்பவன் எழும்புவதற்கு மாத்திரமன்றி, காலும் கையும் முறியாமல் விழுவதற்கும் கற்றிருக்க வேண்டியிருந்தது. தடித்த நுரைமெத்தைகள் வந்தபின்னரே முதுகாலும் தோளாலும் விழுவது அச்சமற்றதாயிற்று. 1968இல் மெக்சிக்கோ நகரில் டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்கர், முதுகு தண்டை நோக்கியிருக்கத் தலைகீழாகக் கடந்து 2.24 மீற்றர் பாய்ந்து உலகை வியக்கவைத்தார். கனடாவில் டெபி பிறில் என்னும் சிறுமியும் அவரைப் பார்த்துக் கற்காமல் அத்தகைய முறையொன்றைத் தாமே கண்டுபிடித்திருந்தார். 1970இலும் 1982இலும் பொதுநலவாய விழாவிற் பொற்பதக்கம் பெற்றார். இம்முறையின் சிறப்பு யாதெனின், உடல் வில்லைப்போல் வளைந்து செல்வதால், உடம்பின் பாரமையம் தண்டுக்குக் கீழாகச் செல்லும்போதும் உடம்பு தண்டுக்கு மேலாகச் செல்ல இயலும் என்பதே. ஒரே உதைப்பில் மேலுஞ் சில அங்குலங்கள் இலாபமாகின்றன. இவ்விலாபம் எதுவுமின்றி எட்டப்பட்ட உயரமே 1958இன் உயரம் என்பதை இன்றைய மாணவர் உணர வேண்டும்.

கனடாவைப் பற்றிப் பேச நேர்ந்ததால் மற்றொன்றையுங் கூறுதல் பொருந்தும். உயரம் பாய்தலில் அந்நாடு பழம்பெருமை உடையது. பெண்களுக்கு உயரம் பாய்தல் ஒலிம்பிக் விழாவில் முதன்முதற் சேர்க்கப்பட்ட 1928இல், அம்ஸ்ரடாம் நகரில் அப்பொன்னைப் பெற்றவர் எதெல் கதர்வுட் என்னும் கனடியப் பெண்மணி. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் ஆண்களுக்கான பொன்னைப் பெற்றவர் டங்கன் மக்நோற்றன் என்னும் கனடியர். அவரும் எதிர்வீரசிங்கத்தைப் போலவே பிறநாட்டவராக லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பல்கலைக்கழகம் ஒன்றில் அக்காலத்திற் கல்வி பயின்றவர். பின்னாளில் நிலவியல் அறிஞராக விளங்கியவர். விளையாட்டு கல்விக்குப் பகையென்று கருதும் பெற்றோர் இவ்விருவரையும் நினைவிற் கொள்வது நன்று. எதிர்வீரசிங்கமும் பின்னாளில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகள் உட்படப் பல இடங்களிற் கல்விப் பணி புரிந்தார்.

இனி, 1958இன் வெற்றி நிகழ்ந்த காலத்தை நோக்குவோர் சற்றே தயங்கி நிற்பர். தோக்கியோ விழா அவ்வாண்டு மே மாதம் 24ஆம் நாள் தொடங்கி யூன் மாதம் முதலாம் நாள் நிறைவுற்றது. இலங்கையின் வரலாற்றைக் கற்றோர்க்கு அந்த மே மாதத்தின் பிற்பகுதி வேறொரு காரணத்தால் மறவாதது. தீவின் பல பகுதிகளில் இனக் கலவரம் மூண்டு, தமிழ் மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்தனர். மே மாதம் 27ஆம் நாள் நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் இடருற்ற ஆயிரக்கணக்கானோர் அகதி முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு தமிழ் இளைஞர் இலங்கையின் பெயரை மார்பிற் தாங்கித் தோக்கியோவில் நின்ற அதே நாட்களில், அவருடைய மொழியைப் பேசிய குற்றத்திற்காக அவருடைய மக்கள் இலங்கையின் தெருக்களில் துரத்தப்பட்டனர்.

இதனைக் கூறுவது பழைய புண்ணைக் கிளறுவதற்கன்று. ஒரு பதக்கம் எவருக்குரியது என்ற வினாவை இந்நிகழ்ச்சியினும் தெளிவாக எழுப்பும் நிகழ்ச்சி இந்நாட்டின் விளையாட்டு வரலாற்றில் அரிது என்பதனாலேயே அது கூறப்பட வேண்டும். பட்டியலில் அவர் பெயரின் எதிரே எழுதப்பட்டது இலங்கை என்ற ஒரு சொல்லே. இனம், மதம், மொழி என்ற பிரிவுகளுக்கு அப்பட்டியலில் நிரல் இல்லை. நாடு தன் மக்களுள் ஒரு பகுதியினரைத் தனதென்று கருதத் தவறிய அந்த வாரத்தில், அம்மக்களுள் ஒருவர் நாட்டைத் தனதென்று கருதிப் பாய்ந்தார். அவர் மீண்டும் 1962இல் யக்காட்டா நகரில் நிகழ்ந்த ஆசிய விழாவிலும் இலங்கைக்காகவே பாய்ந்து வெள்ளிப்பதக்கம் பெற்றார் என்பது அதனினும் சிந்திக்கத்தக்கது. வெற்றியைக் கொண்டாடும்போது நாடு அவரைத் தன் மகனென்று கூறுவது எளிது. அவருடைய ஊராரும் உறவினரும் அச்சமின்றி வாழும்போதுதான் அக்கூற்று உண்மையாகும்.

அவருக்குப் பின் வந்தோரும் நாட்டின் பெயரை உயர்த்தத் தவறவில்லை. 1998இல் பாங்கொக் ஆசிய விழாவில் சுகத் திலகரத்ன 400 மீற்றர் ஓட்டத்திலும், தமயந்தி தர்ஷா 200 மீற்றர், 400 மீற்றர் ஓட்டங்களிலும் பொன் பெற்றனர். 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக் விழாவின் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த சுசந்திகா ஜயசிங்க, முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண்மணி ஊக்கமருந்து உட்கொண்டது நிலைநாட்டப்பட்ட பின்னர், வெள்ளிப்பதக்கத்திற்கு உரியவரானார். டங்கன் வைற்றின் வெள்ளிக்கும் இந்த வெள்ளிக்கும் இடையே கழிந்தவை 52 ஆண்டுகள். 2002இல் பூசான் ஆசிய விழாவில் சுசந்திகாவும் தமயந்தியும் பொன் பெற்றபின், மெய்வல்லுநர் துறையில் அடுத்த ஆசியப் பொன்னுக்கு நாடு 21 ஆண்டுகள் காத்திருந்தது. 2023இல் ஹாங்சோ நகரில் 800 மீற்றர் ஓட்டத்திற் தருஷி கருணாரத்ன என்னும் பாடசாலைப் பருவ மாணவி அதனைப் பெற்றுத் தந்தார்.

இந்த நீண்ட இடைவெளிகளுக்குக் காரணம் யாது? திறமை இல்லாமை என்று கூறுவதற்கில்லை. இடையிடையே தோன்றும் வீரரே அதற்குச் சான்று. வறுமை மாத்திரமே காரணம் என்றும் கூறிவிட முடியாது. இதற்குக் கனடாவின் வரலாறே தக்க எடுத்துக்காட்டாகும். பரந்த நிலமும் பெருஞ் செல்வமும் உடைய அந்நாடு 1976இல் மொன்றியல் நகரில் ஒலிம்பிக் விழாவை நடத்திற்று. விழா நடத்திய அந்நாட்டிற்கு ஐந்து வெள்ளியும் ஆறு வெண்கலமும் கிடைத்தன. பொன் ஒன்றேனும் கிடைக்கவில்லை. மழை நனைத்த மைதானத்தில் உயரம் பாய்தலில் கிறெக் ஜோய் பெற்ற வெள்ளியே அம்மக்கள் பெருமையோடு நினைவுகூர்வது. 1988இல் கல்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக் விழா நடந்தபோதும் சொந்த மண்ணில் அவர்களுக்குப் பொன் இல்லை. அதே ஆண்டில் சியோல் நகரில் 100 மீற்றர் ஓட்டத்தில் வென்ற கனடிய வீரர் பென் ஜோன்சனின் பதக்கம், ஊக்கமருந்து காரணமாகப் பறிக்கப்பட்டது. நாடு தலைகுனிந்தது, விசாரணை வைத்தது, தன் குறையைத் தானே ஆராய்ந்தது. பின்னர் 2005இல், வான்கூவர் குளிர்கால விழாவை நோக்கி, வீரரைத் தேர்ந்து, பயிற்சிக்கும் மருத்துவத்திற்கும் விஞ்ஞான ஆய்வுக்கும் முறையாகப் பொருளுதவி செய்யும் திட்டமொன்றை வகுத்தது. 2010இல் வான்கூவரில் கனடா பெற்ற பொற்பதக்கங்கள் 14. அதுவரை ஒரே குளிர்கால விழாவில் எந்த நாடும் அத்தனை பொன் பெற்றதில்லை. சொந்த மண்ணில் வெறுமை கண்ட நாடு, 34 ஆண்டுகளின் பின் முதலிடங் கண்டது. செல்வம் முன்னரும் இருந்தது. இடையிற் சேர்ந்தது திட்டம்.

இலங்கைக்குக் கனடாவின் செல்வம் இல்லை. ஆனால் திட்டத்தின் முதற்படி பெருஞ்செலவை வேண்டுவதன்று. அது பாடசாலையிலே தொடங்குகிறது. எதிர்வீரசிங்கம், டங்கன் வைற், தருஷி ஆகிய மூவரிடத்தும் பொதுவாகக் காணப்படுவது ஒன்றே: மூவரும் பாடசாலை மைதானங்களிலிருந்து வந்தவர்கள். இத்தீவில் வீரரை உருவாக்கிய பெருங் களம் அரண்மனையுமன்று, பல்கலைக்கழகமுமன்று. பாடசாலை விளையாட்டு மைதானமே.

அந்த மைதானம் இன்று கொழும்பில் எந்நிலையில் உள்ளது என்பதை ஆராய்ந்தால் மனம் வருந்தும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. ஒரு வீட்டின் முற்றத்தில் விளையாடிய சிறுவரின் இடத்திற் பல குடும்பங்களின் வாகனங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்ததும் தனியார் வகுப்புக்குச் செல்கின்றனர். வகுப்பு முடிய இருள் சூழ்ந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் நிலை இதுவே. இத்தனைக்கும் கொட்டாஞ்சேனைக்கு அயலிலேயே சுகததாச விளையாட்டரங்கு அமைந்துள்ளது. தெற்காசிய நாடுகளின் விளையாட்டு விழா 1991இலும் 2006இலும் கொழும்பிற்கு வந்தபோது, அதன் நடுநாயகமாக விளங்கியது அவ்வரங்கு. அண்டை நாடுகளின் கொடிகள் ஏறிய அரங்கின் மின்விளக்கு ஒளி, மைதானமற்ற சிறுவர் வாழும் கூரைகளின்மேல் விழுகிறது. ஒளி விழும் தூரத்தில் வாழும் பிள்ளை, அந்த ஓடுபாதையில் ஒருமுறையேனும் கால் வைத்திருக்கிறதா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

இதற்குச் செய்யக்கூடியன உண்டு. இடம் குறுகிய பாடசாலைகள் கிழமைக்கு ஒருமுறையேனும் பொது மைதானத்தைப் பயன்படுத்த ஒழுங்கு செய்தல் ஒன்று. உயரம் பாய்தலுக்கு நூறு மீற்றர் நிலம் வேண்டுவதில்லை. சிறிய முற்றமும், இரண்டு கம்பங்களும், ஒரு தண்டும், தகுந்த மெத்தையும், விழும் வகையை அறிந்த ஆசிரியர் ஒருவரும் போதும். இவற்றுள் மெத்தையை விட்டுவிடலாகாது. மெத்தையின்றி இக்காலத்து முறையிற் பாயவிடுதல் பிள்ளையின் கழுத்தோடும் முதுகெலும்போடும் விளையாடுவதாகும். மெத்தையில்லாத இடத்தில் பழைய கத்தரி முறையையே தாழ்ந்த உயரத்திற் பழக்குதல் வேண்டும். மூன்றாவது, பெற்றோரின் மனமாற்றம். மாலையில் ஒரு மணி நேரம் வியர்வை சிந்திய பிள்ளை இரவில் நன்றாகப் படிக்கும் என்பதைக் கலாநிதி எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையினும் தெளிவாக எடுத்துக்காட்ட வேறு சான்று வேண்டுவதில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனடாவில் உறவினர் உள்ளனர். 1983இன் பின் கடல் கடந்து சென்றோருள் பெருந்தொகையினர் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிற் குடியேறினர். 2015இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் விளையாட்டு விழா ரொறன்ரோவில் நிகழ்ந்தபோது, நீச்சற் போட்டிகளுக்கான பெருமனை அந்த ஸ்காபரோவிலேயே கட்டப்பட்டது. விழா முடிந்தபின் அதனைப் பூட்டிவைக்கவில்லை. பல்கலைக்கழகத்தாரும் ஊராரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். பெருவிழா ஒன்று விட்டுச்செல்லும் கட்டடம் அயலிலுள்ள பிள்ளைகளுக்கு எவ்வாறு உரியதாகலாம் என்பதற்கு, கொட்டாஞ்சேனையில் இருப்போர் ஸ்காபரோவில் உள்ள தம் உறவினரிடமே கேட்டறியலாம்.

அந்த ஸ்காபரோவிற் பிறந்த அந்திரே டி கிறாஸ் என்னும் ஓட்ட வீரர், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் 200 மீற்றர் ஓட்டத்திற் பொன் பெற்றார். அவர் ஓடிய தேசிய விளையாட்டரங்கு புதியது. ஆனால் அது நிற்கும் நிலம் பழையது. அங்கே முன்னர் இருந்த அரங்கு 1958இற் கட்டிமுடிக்கப்பட்டு, அவ்வாண்டின் ஆசிய விழாவிற்கு இடமாயிருந்து, பின்னர் 2015இல் இடிக்கப்பட்டது. எதிர்வீரசிங்கம் உதைத்தெழுந்த மண் அதுவே.

எதிர்வீரசிங்கம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், தம் எண்பத்தொன்பதாவது வயதில், அமெரிக்காவிற் காலமானார். அவர் தாண்டிய தண்டு தோக்கியோவில் இல்லை, அரங்கும் இல்லை. எஞ்சியிருப்பது 2.03 மீற்றர் என்ற ஓர் அளவு. அதனை எந்தப் பாடசாலைச் சுவரிலும் ஒரு கோடாக வரைந்து வைக்கலாம். செலவு ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியே. நாள்தோறும் அக்கோட்டின் கீழாகக் கடந்து செல்லும் பிள்ளைகளுள் ஒன்று, என்றோ ஒருநாள் தலையை உயர்த்தி, இது என்ன உயரம், இதனைத் தாண்டியவர் யார் என்று ஆசிரியரைக் கேட்கும். அன்றைக்கு விடை கூறுவதற்கு ஓர் ஆசிரியரும், பாய்ந்து பார்ப்பதற்கு ஒரு மைதானமும் அப்பிள்ளைக்கு இருத்தல் வேண்டும்.